திங்கட்கிழமை ஓர் அறைக்கு மட்டும் விடுமுறை வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி ரெபேக்கா கபாசோ, இல்லத்தரசி,
கசும்ப்வே, செம்புச் சுரங்க மாகாணம்.

பெறுநர்:
மாண்புமிகு குடியரசுத் தலைவர் அவர்கள்,
அரசு மாளிகை, லுசாகா.

பொருள்: நாளைய கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம் அணி வென்று, திங்கட்கிழமை பொது விடுமுறை விடப்பட்டால், கசும்ப்வே திருமணப் பதிவு அறைக்கு மட்டும் விலக்கு அளிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டவரின் சமாதானம் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் உண்டாவதாக.

1. வியாழன் மாலை அரையிறுதியில் நம் அணி கடைசி நிமிடத்தில் கோல் போட்டதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவே வெளியே ஓடிவந்தது. என் மகள் சிலுஃப்யாவுக்கு நிச்சயிக்கப்பட்ட முசோண்டா, கண்ணில் பட்டவரையெல்லாம் கட்டித்தழுவிக்கொண்டே வந்து என்னையும் கட்டிப்பிடித்துவிட்டார். மாமியார் முகத்தை மருமகன் ஏறிட்டும் பார்க்கலாகாது என்பது எங்கள் முறை. என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். “மூஞ்சியையே பாக்கக் கூடாது மாப்ளே, நீங்க என்னடான்னா கழுத்தைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க!” “கோல் போட்டவனைக் கேளுங்க அத்தே, என் மேல தப்பில்லே!” என்றார் அவர். பெரியவர்கள் கூடி, அவருக்கு ஒரு கோழி அபராதம் விதித்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

2. சற்று நேரத்தில் தாங்கள் வானொலியில் வெள்ளிக்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்தீர்கள். அதற்குக் குலவையிட்டவர்களில் நானும் ஒருத்தி. மறுநாள் காலை, ஏற்கெனவே நாள் குறித்திருந்த பதிவுத் திருமணத்துக்காக மணப்பெண்ணுடன் நகர மன்ற வாசலில் போய் நின்று பூட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. காவலாளி அணியின் பச்சைச் சட்டையில் இருந்தார். “கல்யாணமா? நாடே கல்யாணக் கோலத்துலதான் இருக்கு, போய் ஆடுங்கம்மா!” என்றார்.

3. அப்போது வெற்றி ஊர்வலம் வந்தது. வெள்ளை உடுப்பில் என் மகளைக் கண்டதும் இளைஞர்கள் அவளையும் முசோண்டாவையும் லாரியில் ஏற்றி ஊரைச் சுற்றினார்கள். பதிவேட்டில் ஏறவேண்டியவர்கள் லாரியில் ஏறினார்கள். பதிவாளர் சியாமே அவர்களும் அதே லாரியின் மேல் நின்று ஊதுகுழல் ஊதிக்கொண்டிருந்தார். நான் கீழிருந்து கத்திக் கேட்டதற்கு, “திங்கட்கிழமை காலைல வாங்கம்மா, மொதக் கல்யாணம் உங்களுதுதான். ஞாயித்துக்கிழமை நாம ஜெயிச்சுட்டோம்னா, மறுபடி ஊர்வலத்துல பாப்போம்!” என்றார். சமைத்து வைத்த நிஷிமா சோளக்களியும் கோழிக்கறியும் ஊர்வலத்தார் வயிற்றுக்குப் போயின. அந்தச் செலவைத் தங்களிடம் கேட்கவில்லை. ‘நாட்டுக்காக’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டேன்.

4. ஆனால் மனக்குறை இதுதான். முசோண்டாவுக்கு வடமேற்கில் ஒரு சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. செவ்வாய் விடிகாலைப் பேருந்தில் புறப்படவேண்டும். திருமணச் சான்றிதழ் காட்டினால் குடும்ப வீடு, இல்லையேல் ஒண்டிக்கட்டைகளுக்கான விடுதி. அடுத்த விடுப்பு கிறிஸ்துமஸுக்குத்தான். சான்றிதழ் இல்லாமல் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று என் கணவர் உறுதியாக இருக்கிறார், நானும்தான். சிலுஃப்யா கட்டிய பெட்டியை அவிழ்க்கவும் மாட்டாமல், அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

5. பள்ளியில் நான் அதிகம் படித்தவள் அல்ல. வேதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தே படிக்கக் கற்றேன். அதே வழியில் நம் அரசியல் சாசனத்தையும் வாசித்தேன். அதிகாரம் மக்களிடமிருந்து பிறக்கிறது, அதை மக்களுக்காகத் தாங்கள் செலுத்துகிறீர்கள் என்று கண்டேன். கொலைக் குற்றவாளிக்கும் தாங்கள் கருணை காட்டலாம் என்று கண்டேன். கல்யாணம் செய்துகொள்ள வந்து வாசலில் நிற்பவர்களுக்கு என்ன என்று தேடினேன், அகப்படவில்லை. விடுமுறையை நாடு முழுவதற்கும் விடலாம், ஒரு பகுதிக்கு மட்டும்கூட விடலாம் என்று எங்கள் சபையிலுள்ள ஆசிரியை ஒருவர் சொன்னார். “ஒரு ரூமுக்கு மட்டும் லீவு இல்லேன்னு ஜனாதிபதி சொல்லுவாராக்கும்! உனக்குப் பேராசைடி” என்றார் என் கணவர். “நாட்டையே பூட்டத் தெரிஞ்சவருக்கு ஒரு ரூமைத் திறக்கத் தெரியாதா?” என்றேன். அவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

6. இன்று காலை எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வெற்றிக்கான ஜெபத்தை நடத்தும் முறை என்னுடையது. “பனா சிலுஃப்யா உதடு அசையுது, எந்தப் பக்கத்துக்குன்னுதான் தெரியலே!” என்று பின்வரிசையில், மகள் பெயரைச் சொல்லி என்னை அழைத்து, கேலி செய்தார்கள். ஐயா, தோற்கவேண்டும் என்று ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. ஜெயிக்கவேண்டும் என்றே ஜெபித்தேன். பின்வரிசைக்கும் கேட்கும்படி சத்தமாகவே ஜெபித்தேன்.

ஆகவே, நாளை தாங்கள் மகிழ்ச்சியோடு விடுமுறையை அறிவிக்கும்போது, கசும்ப்வே பதிவு அறை மட்டும் காலையில் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் என்று கூடவே ஒரு வரி சொல்லுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தனிக் கடிதம் வேண்டாம். சியாமே அவர்கள் வானொலிப் பெட்டியின் அருகில்தான் இருப்பார். இம்மனுவை எங்கள் போதகர் இன்றைய பேருந்தில் நேரில் கொண்டுவருகிறார்.

ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டேன். திங்கட்கிழமையைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்.

இடம்: கசும்ப்வே
நாள்: பிப்ரவரி 10, சனிக்கிழமை

தங்கள் உண்மையுள்ள குடிமகள்,
(ஒப்பம்) ரெபேக்கா கபாசோ
மணப்பெண்ணின் தாய்