தங்கை வருமுன் அடுப்பு எரிய வேண்டும்

ஜூலை, வியாழன் இரவு

ஐம்பதை நெருங்கும் ஒருத்திக்கு, தங்கை வருகிறாள் என்பதற்காக நெஞ்சு இப்படிப் படபடக்குமா? இரண்டு தரம் மறுத்த விசாவை இப்போதுதான் கொடுத்தார்கள். யாழ்ப்பாண வெயிலை விட்டு முதன்முறையாக வெளியே வருபவள், நாளைக் காலை நியூசிலாந்தின் குளிர்காலத்தில், ஆக்லாந்தில் இறங்குகிறாள்.

இந்த நேரம் பார்த்து, மரத்தூள் குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் பெலட் அடுப்பு எரிய மறுக்கிறது. மத்தியானம், அவளுக்கென்று அடுப்பின் மேல் காயவைத்திருந்த மோர்மிளகாய்த் தட்டைத் தூக்கி, அதன் கீழிருந்த மூடியைத் திறந்து பெலட் கொட்டி, மூடி, தட்டைத் திரும்ப வைத்தேன். அதற்குப் பிறகு காற்றழுத்தப் பிழை என்றே அடுப்பின் திரை காட்டுகிறது. சாம்பலை அள்ளினேன். புகைக்குழாயைத் துப்புரவாக்கினேன். பயனில்லை.

"தங்கச்சி வாறா எண்டு அடுப்புக்கும் பதட்டம் போல," என்றார் இவர்.

"பகிடி விடாமல் பழைய ஹீட்டரைத் தேடுங்கோ."

சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். திருத்துபவர் திங்கள்தான் வருவாராம். அவள் குளிரில் நடுங்கினால்... நித்திரை வரப்போவதில்லை.

வெள்ளி

வந்துவிட்டாள்! கோட்டைக் கழற்றாமலே மிளகாய் வாசம் பிடித்து அந்த அடுப்புக்குப் பக்கத்தில் போனாள்.

"எனக்கோ, அக்கா?" என்று தட்டைத் தூக்கினாள். பெலட் மூடியின் பின்னோரத்தில் ஒரு மிளகாய் சிக்கியிருந்தது. அந்த இடைவெளியால்தான் காற்று கசிந்திருக்கிறது. அவள் அதைப் பிடுங்க, மூடி டக்கென்று இறங்கியது. பொத்தானை அழுத்தினேன். பற்றிக்கொண்டது!

"ஒரு மிளகாய்க்கு இவ்வளவு பாடோ?" என்றாள்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.