நபீசா பார்த்திருந்தால்

786
காரைக்கால்

என் மகள் நபீசா வயித்துல பொறந்த இஃபாத்துக்கு, அவளைப் பெத்த கமருன்னிசா சலாம் சொல்லி எழுதுறது. இங்க நானும் உன் வாப்பாவும் சுகம். உன் சுகத்தைத்தான் நம்ப முடியலை.

போன்ல கேட்டா நல்லா இருக்கேங்கிறே. பக்கத்துல மாப்பிள்ளையைப் பெத்த உன் மாமி நிக்கிறது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால மூச்சை நிறுத்திக்கிறே. மாப்பிள்ளை வேலை செய்யிற கடை நம்பரும் என்கிட்ட இல்லை. அதனாலதான் எழுதுறேன். அடுத்த தெரு மதார் சாகிப் நாளைக்கு சார்ஜாவுக்குப் பயணம் வர்றார். உன் கையிலதான் கொடுக்கணும், மாமி கையில கொடுத்தீங்கன்னா ஊர் திரும்பி என் வாசல்ல ஏறாதீங்கன்னு சொல்லியிருக்கேன். எனக்கு மூணாம் வகுப்போட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. எழுத்து கோணலா இருக்கும். எழுத்துக் கூட்டியாவது உடனே வாசி.

நீங்க அனுப்புன பெருநாள் போட்டோவை உன் வாப்பா நெட் சென்டர்ல எடுத்துட்டு வந்தார். எல்லாரும் உன் சேலையைப் பார்த்தாங்க. நான் கையைப் பார்த்தேன். நிக்காஹ் மோதிரம் விரல்ல இல்லை. கால்ல மாப்பிள்ளை ஜவஹர் அலியோட செருப்பு. கண்ணு ரெண்டும் வீங்கி, தூங்கி எழுந்த மாதிரி இருக்கே. நேத்து போன்ல தலைவலின்னு வாய்தவறிச் சொன்னே. உடனே உன் மாமி போனை வாங்கி, இது பிள்ளைப் பூரிப்பு, ஆம்பளைப் பிள்ளைன்னா இப்படித்தான் வீங்கும்னா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களான்னு கேட்டேன். லேடி டாக்டர் லீவாம், இப்ப இருக்கிறது ஆம்பளையாம், அந்தம்மா வரட்டும்னா.

பூரிப்பாம். இந்தப் பேச்சை நான் முன்னாடியே கேட்டிருக்கேன்.

காரைக்கால்மேட்டுலேர்ந்து மீன் கொண்டு வர்ற குஞ்சம்மா உனக்குத் தெரியும். அவ மகன் வயித்துல இருந்தப்ப நடந்தது இது, நீ அப்ப சின்னப் பிள்ளை. உன் உம்மா டூட்டிக்குக் கிளம்பி வாசல்ல நிக்கிறா. இவ கூடையை இறக்கி, கொடுவா இருக்கு நர்சம்மாங்கிறா. உன் உம்மா மீனைப் பார்க்கலை. கண்ணாடி வளையல் கையில பதிஞ்சு கிடக்கிறதைப் பார்த்தா. தலை வலிக்குதான்னு கேட்டா. வெயிலுக்குன்னா குஞ்சம்மா. கண்ணுல பூச்சி பறக்குதான்னு கேட்டா. அதுக்கு அவ, மாமியார் பூரிப்புன்னு சொல்றாங்க, மீனை வித்துட்டு வர்றேன்னா. உன் உம்மா கூடையைத் தூக்கி என் மடியில வச்சு, இதை வித்துக் கொடும்மான்னு சொல்லிட்டு, அவளை ரிக்‌ஷாவுல ஏத்திக்கிட்டுப் போயிட்டா. நான் துப்பட்டியைப் போர்த்திக்கிட்டு வாசல்ல உட்கார்ந்து கொடுவா வித்தேன். தெருவே சிரிச்சுது. யார் யார் சிரிச்சாங்கன்னு இன்னிக்குக் கேட்டாலும் சொல்வேன்.

ஆஸ்பத்திரி படி ஏறும்போதே குஞ்சம்மாவுக்கு வலிப்பு வந்துடுச்சு. அங்க இருந்ததால ரெண்டு உசிரும் தப்பிச்சுது. உன் உம்மா வந்து சோத்துல கைவச்சுக்கிட்டே சொன்னா: கால் மட்டும் வீங்கினா பயமில்லை. முகமும் கையும் வீங்கி, தலையும் வலிச்சா, யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, பிரஷர் பார்த்துடணும். தொட்டுப் பார்க்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு கேக்குற நேரம் இல்லை அதுன்னா.

அந்தக் கேள்வியை அவ ஊர் வாயிலேர்ந்து நிறையக் கேட்டவ. புதுச்சேரிக்கு நர்ஸ் படிக்க அனுப்பினப்ப, உன் பாட்டனோட தம்பி நெய்னா முகம்மது ஜமாத்துல போய், நம்ம வீட்டுப் பொண்ணு வெள்ளைச் சேலை கட்டி ஊரான் உடம்பைத் தொடப் போகுதுன்னார். வெள்ளைத் துப்பட்டின்னா கண்ணியம், வெள்ளைச் சேலைன்னா கேவலமான்னு நான் தெருவுல நின்னு கேட்டேன். கடைசியில சர்க்கரை வியாதியில அழுகுன அவர் காலைக் கழுவிக் கட்டினது அவதான். அவ மறந்துட்டா. நான் மறக்கலை. அவர் மவுத்தாகி அடக்கம் பண்ண அன்னிக்குப் போனேன், ஒரு வாய் தண்ணி குடிக்காம வந்தேன்.

ஏழாம் மாசம் உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அழைச்சப்ப, தாயில்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புறதுன்னு உன் மாமி கேட்டா. அதையும் மனசுல வச்சிருக்கேன். இப்ப எட்டு முடியப்போகுது, ப்ளேன்ல ஏத்த மாட்டாங்களாம். அதனால வான்னு கூப்பிடலை. உன் மாமி கேட்ட கருவாடும் ஊறுகாயும் அனுப்பலை. வீட்டுல இருந்தா நீ திம்பே, உனக்கு உப்பு ஆகாது.

உன் உம்மா நெஞ்சுவலியில போனான்னு மட்டும்தான் உனக்குச் சொன்னோம். ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்தவ, வார்டுல ஆள் இல்லைன்னு நெஞ்சை அமுக்கிக்கிட்டே ஓடியிருக்கா. கேட்டவங்ககிட்ட வாயுன்னிருக்கா. அன்னிக்குக் காலையில, முகம் வேர்த்திருக்கே, என்ன பண்ணுதுன்னு கேட்டேன். நல்லா இருக்கேம்மான்னா. நீ போன்ல சொல்றியே, அதே குரல். அந்தக் குரலை இன்னொரு தடவை நம்ப எனக்கு உடம்புல தெம்பு இல்லை.

இதை வாசிச்சதும் ஜவஹர் அலிகிட்ட கொடு. மாப்பிள்ளை, இந்த வரி உங்களுக்கு. உடனே டாக்சி கூப்பிடுங்க. உங்க உம்மாகிட்ட அனுமதி கேட்கணும்னா, ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் கேட்டுக்குங்க. இஃபாத் தலைவலியில்லைன்னு சொல்லுவா, அதைக் காதுல வாங்காதீங்க.

ஆம்பளை டாக்டர் தொட்டாரேன்னு ஊர்ல யாராவது பேசினா, பேரை மட்டும் எழுதி அனுப்பு புள்ள, மத்ததை நான் பார்த்துக்குறேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் போடு. அங்க உள்ள நர்ஸ் யாராவது என்கிட்ட பேசட்டும். நீ பேசினா நம்ப மாட்டேன்.

உன்னையும் உன் வயித்துல இருக்கிறதையும் பத்திரமாக் கொடுன்னு ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாகிட்ட கேக்குறேன். அவன்கிட்ட கேட்டாச்சு. இப்ப உன்கிட்ட கேக்குறேன். எழுந்திரு, மகளே.

வஸ்ஸலாம்.

உன் உம்மாவைப் பெத்தவ,
கமருன்னிசா