இரண்டு சில்லும் மேல்புறத்தில்

பழவேற்காடு,
ஆனி பதினாறு.

ஆரம்பாக்கத்துப் பிறந்தகத்தில் பத்திரமாக இருக்கவேண்டிய என் கஸ்தூரிக்கு ஆதிநாராயணன் எழுதும் ஓலை.

உனக்கு வந்தது பொய்நோவுதான் என்று கேட்ட பிறகே எனக்குச் சோறு இறங்கியது. இனிமேல் குடம் தூக்காதே. சொன்னால் கேட்கிறவளா நீ!

இங்கே நிலைமை சரியில்லை. கோட்டையில் நாணயம் அடிக்கும் அக்கசாலையில் உலைக்காரன் முனியனைக் காவலில் வைத்துவிட்டார்கள். அவன் உருக்கி வார்த்த தங்கப் பாளம் கால் மாற்றுக் குறைந்தது. பொன்னைத் திருடிச் செம்பைக் கலந்தான் என்கிறார் ஒல்லாந்த அதிகாரி. நாளைக் காலை கம்பத்தில் கட்டிக் கசையடி, பிறகு கப்பலேற்றிவிடுவார்களாம்.

சோதனைக்குச் சில்லு வெட்டுவது என் வேலை. உருக்கியதைச் சரியாகக் கிளறாவிட்டால் கனமான பொன் அடியில் தங்கிவிடும், மேல்புறம் மாற்றுக் குறைவாகக் காட்டும். அதனால்தான் மேல்புறம் ஒரு மூலையில் ஒரு சில்லு, பாளத்தைப் புரட்டி அடிப்புறம் எதிர்மூலையில் ஒரு சில்லு எடுப்போம். முனியன் அன்று அவசரமாகக் கிளறியிருப்பான். அதைக் கண்டுபிடிக்கத்தானே நான் இருக்கிறேன்!

உளியை எடுத்த நேரம் உன் தம்பி கருப்பன் வாசலில் வந்து, இன்னா மாமா நிக்கிறே, அக்காவுக்கு நோவு கண்டுட்ச்சுன்னு கத்தினான். நான் பாளத்தைப் புரட்டவில்லை. இரண்டு சில்லையும் மேல்புறத்திலேயே வெட்டி, இரண்டு புறமும் எடுத்ததாக என் முத்திரையைக் குத்திவிட்டுத் துறைக்கு ஓடினேன். எதிர்க்காற்றில் ஒரு படகும் எடுக்கவில்லை. உன்மேல் குற்றமில்லை, கஸ்தூரி.

முத்திரையை நம்பி யாரும் பாளத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஐந்து நாளாக நானும் வாய் திறக்கவில்லை. பொய்முத்திரைக்கும் அதே கம்பம்தான். பயந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நாளை அவனைக் கட்டுவதற்கு முன் பாளத்தைப் புரட்டச் சொல்வேன். அதற்குப் பிறகு என்னை என்ன செய்வார்களோ, தெரியாது.

இதைக் கொண்டுவருபவள் முனியன் மனைவி பச்சையம்மா. அண்ணே, உங்க மாமனாருக்குத் துபாஷியத் தெரியுமாமே, ஒரு வார்த்த எய்திக் குடுண்ணேன்னு என் காலில் விழுந்தாள். ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியிடம் பேசச் சொல்லும் சிபாரிசு ஓலை இதுதான் என்று மடியில் கட்டிக்கொண்டு வருகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவளை உட்காரவைத்து முதலில் கஞ்சி கொடு. பிறகு இதை உரக்கப் படித்துக்காட்டு. என்னைக் காப்பாற்ற நினைத்து ஒரு வரியையும் விழுங்கிவிடாதே. அவள் மண்ணை வாரித் தூற்றினாலும் பதில் பேசாதே.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருங்கள்.

உன்
ஆதிநாராயணன்