தினேஷா மிஸ்ஸும் என் வெற்றிலையும்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அப்றாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஓயாமல் துஆ கேட்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்பினீர்களே ஒரு படம், அதில் உங்களை நான் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நிற்கும் உங்கள் நேர்ஸ் தினேஷா மிஸ்ஸைத்தான் இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். மோதிரம் போட்டிருக்கிறாவா என்று அறியத்தான். கை பின்னால் இருக்கிறது. அப்றா வந்து நின்று, "என்ன உம்மா, மிஸ்ஸுட மூக்குக்குள்ளயா தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து சிகரட்டை விடுங்கள் என்று கெஞ்சினேன். வீடு என் உம்மா வாப்பா எனக்குத் தந்த வீடு. வெளியே போங்கள் என்று சொல்ல உரிமை இருந்தும், வேலியோரம் நின்று பத்துங்கள் என்றுதான் சொன்னேன். கேட்டீர்களா? அந்த மிஸ் ஒருதரம் சொன்னா, அன்றைக்கே விட்டுவிட்டீர்கள். இப்போது போனில் எனக்கே பாடம் நடத்துகிறீர்கள். மிஸ் சொன்னா, புகை பிடித்தால் இரத்தம் கட்டுமாம். மிஸ் சொன்னா, நெஞ்சில் சளி இறுகுமாம், ஒப்பரேசனில் வெட்டின இடம் ஆறாதாம். இதையெல்லாம் நான் சொன்னபோது உங்கள் காதில் என்ன, கடல் இரைச்சலா?

அந்த எரிச்சலில்தான் போன மாதம் நீங்கள் வேலை செய்யும் கொழும்புக் கடைக்கு, பஸ்ஸில் கருவாட்டுப் பார்சலோடு வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் கட்டி அனுப்பினேன். சிகரட் ஆசை வந்தால் இதைச் சப்புங்கள் என்றேன். மிஸ் சும்மா கதைக்கிறா, சிகரட்டை மறக்கடிக்கிறவள் நான்தான் என்று எனக்குள் பெருமை. புகை வராத சாமானில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். நீங்களும் அப்படி நினைத்துத்தான் சப்பியிருக்கிறீர்கள்.

இரத்தச் சோதனையில் சிகரட் நஞ்சு பிடிபட்டு ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டார்கள் என்று போனில் சொன்னீர்கள். உங்கள் பருமனுக்கும் சீனி வருத்தத்துக்கும் காற்புண்ணுக்கும் இனி இரைப்பையைச் சிறிசாக்குவதுதான் வழி என்று டொக்டர் சொல்லியிருக்க, ஒளித்துப் பத்தினீர்கள் என்றே நினைத்தேன். "அல்லாஹ்வுக்காக மைமூனா, நான் பத்தவே இல்ல" என்றீர்கள். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்றா அந்த மிஸ்ஸுக்கே போன் எடுத்தாள். அவவும் நம்ம கல்முனைப் பிள்ளைதானாம். எடுத்த எடுப்பில் கேட்டாவாம், "வாப்பா வெத்தில போடுறவரா? புகையிலையும் சேர்த்தா?" என்று. சிகரட்டில் இருக்கிற அதே நஞ்சுதான் புகையிலையிலும் இருக்கிறதாம், சோதனைக்கு இரண்டும் ஒன்றுதானாம். என்னைக் குறையும் சொல்லவில்லை. "உம்மா நல்லதுக்குத்தானே அனுப்பினா, பாவம்" என்றாவாம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆகவே அந்தப் புகையிலையை இன்றைக்கே எறிந்துவிடுங்கள். ஒப்பரேசன் முடிந்து மெலிந்த பிறகும், ஒன்றே ஒன்று என்று கடைக்குப் பின்பக்கம் போகவேண்டாம். தைத்த இடத்தில் புண் வருமாம், ஓட்டையும் விழுமாம், வருசங்கள் போன பிறகும் வருமாம். மிஸ்ஸுக்கு நாளைக்கு வேறு நோயாளி வருவார். எனக்கு வேறு ஆள் இல்லை.

நீங்கள் மெலிந்து வந்து என் பக்கத்தில் நின்றால், சனம் என்னை உங்கள் மாமி என்று நினைக்கும். நினைக்கட்டும்.

திரும்பவும் நாள் குறித்ததும் சொல்லுங்கள், நான் பஸ் ஏறுகிறேன். கட்டிலடியில் நான்தான் இருப்பேன். மிஸ் வந்து பார்த்துவிட்டு, நின்றபடியே போகட்டும். அல்லாஹ் உங்களைப் பாதி எடையோடாவது முழு உயிரோடு இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் மைமூனா

பி.கு.: கோழிக்கூட்டுக் கூரைக்குள் நீங்கள் ஒளித்து வைத்திருந்த சிகரட் பெட்டிகளை நேற்று வளவில் போட்டுக் கொளுத்தினேன். காற்றுத் திரும்பிவிட்டது. புகை முழுவதும் பக்கத்து வீட்டு றுஸ்தா காயப்போட்டிருந்த துணிக்குப் போனது. அவவின் தலையணை உறையெல்லாம் இப்போது உங்களைப் போல மணக்கிறது. இரண்டு தரம் துவைத்துக் கொடுத்தேன். போகவில்லை.