விதி ஏழில் மரணம் இல்லை

மார்ச் 4, செவ்வாய். காலை 10.20

பதிவேட்டில் 4,126 பேர். இதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேசிய உளவியலாளர் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசரமும் ஒருவருக்கும் இல்லை.

நான் உளவியல் படித்தவன் அல்ல, கணினிப் பொறியாளன். உறுப்பினர் பதிவேட்டையும் தேர்தல் மென்பொருளையும் சரிசெய்ய ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும். ஆண்டறிக்கைகள் பிதுங்கும் இரும்பு அலமாரி. தொலைபேசி என் மேசையில்தான் இருக்கிறது. அதன் வயர் அதற்கு மேல் நீளாது, அவ்வளவுதான் காரணம். இதனால் நாட்டில் யார் எந்த உளவியலாளர் மேல் கோபப்பட்டாலும் முதலில் என் காதில்தான் விழுகிறது.

இன்று ஒரு அம்மா பேசினார். பதினைந்து மாதமாகப் பேசுகிறாராம். பதினான்கு வயது மகள், பள்ளி ஆலோசகரிடம் நம்பி எதையோ சொல்லியிருக்கிறாள். அவர் அதை ஆசிரியர் அறையில் போட்டு உடைத்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்குப் போகவில்லை. புகார் எங்கள் நெறிமுறைக் குழுவில் கிடக்கிறது.

"தம்பி, புகார் எந்த நிலையில இருக்கு?"

"நிலுவையில இருக்கும்மா."

"அது எனக்கே தெரியும். நிலுவைக்கு அடுத்த நிலை என்னன்னு சொல்லுங்க."

மென்பொருளில் பார்த்தேன். நிலுவைக்கு அடுத்து ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

செயலாளர் மேடத்தைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வருவார். இந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், பழைய நோயாளியின் கதையைச் சொல்வது போல.

நாடு ஐந்து மண்டலம். மண்டலத்துக்கு ஒருவர் என நெறிமுறைக் குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர் அந்த ஆலோசகருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர், ஒருவர் அவரோடு சேர்ந்து பாடப்புத்தகம் எழுதியவர், ஒருவர் அவர் மனைவியோடு ஒரே துறையில் வேலை பார்ப்பவர். மூவரும் நியாயமாக ஒதுங்கிக்கொண்டார்கள். மீதி இரண்டு.

"அந்த ரெண்டு பேர் விசாரிக்கட்டுமே மேடம்."

"மூணு பேர் உட்கார்ந்தாதான் குழு."

"வேற ஆளைப் போடுங்க."

"மாத்து ஆள் போட விதியில இடமில்ல. விதியைத் திருத்தணும். திருத்தப் பொதுக்குழு கூடணும்."

"கூட்டுங்க."

"வருஷா வருஷம் கூட்டுறோம் தம்பி. வரத்தான் ஆள் இல்ல."

பதிவேட்டில் உள்ளவர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகும் எண்ணிக்கை. வராவிட்டால் அரை மணி ஒத்திவைத்து, வந்தவர்களோடு அறிக்கை வாசிக்கலாம், தேநீர் குடிக்கலாம். விதியைத் தொட முடியாது. மூன்று வருடமாகத் தேநீர்தான் குடிக்கிறார்கள்.

மனதைப் பற்றி இவ்வளவு படித்தவர்கள் — ஒரு குழந்தை காத்திருப்பதைப் பற்றி எதுவும் படிக்கவில்லையா?

மார்ச் 11, செவ்வாய்

தொலைபேசி பதினேழு முறை. எனக்கானது ஒன்றுகூட இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பொதுக்குழு அழைப்பிதழ்கள் திரும்பி வரத் தொடங்கிவிட்டன. விதிப்படி தபாலில்தான் அனுப்ப வேண்டும். உறை மேல் தபால்காரர் கையெழுத்தில்: 'காலமாகிவிட்டார்'. சிலதில் வருடமும் போட்டிருக்கிறது. பழைய வருடங்களின் உறைகளையும் அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டுச் சரிபார்த்தேன். 231 பேர். அவர்களையும் சேர்த்தால் கோரம் 413. சேர்க்காவிட்டால் 390. போன வருடம் வந்தவர்கள் 396.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். செத்தவர்களை எண்ணாமல் இருந்திருந்தால் போன வருடமே விதி மாறியிருக்கும்.

அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள். "நீ ஆபீஸ்ல வேலை பாக்குறியா, மயானத்துல கணக்கு எழுதுறியா?"

மார்ச் 18, செவ்வாய்

இறந்தவர்களை ஏன் நீக்கவில்லை என்று இன்று தெரிந்தது. இருநூறு உறுப்பினர்களுக்கு ஒரு செயற்குழு இடம். வடக்கு மண்டலத்தில் 1,012 பேர், ஐந்து இடம். காலமானவர்களை எடுத்தால் 948. ஒரு இடம் போய்விடும். அந்த மண்டலத்தின் தலைவர்தான் 'ஷரத்து'. காப்பி சொல்லும்போதுகூட விதி எண் சொல்வார் என்று ஆபீசே வைத்த பெயர். அந்த ஆலோசகரின் ஆய்வு வழிகாட்டியும் அவர்தான்.

போனில் கேட்டேன். "விதி ஏழை எடுங்க தம்பி. உறுப்பினர் தகுதி எப்படி முடியும்? ஒண்ணு, அவரே எழுதிக் கொடுக்கணும். ரெண்டு, செயற்குழு தீர்மானம் போட்டு நீக்கணும். மரணம்னு அதுல ஒரு வார்த்தை இருக்கா?"

இல்லை. உண்மையிலேயே இல்லை. எழுதினவங்க சாகவே மாட்டோம்னு நினைச்சாங்களோ என்னவோ.

மார்ச் 25, செவ்வாய்

அந்த அம்மா. இன்று சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வேற ஒரு ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னு சொன்னேன் தம்பி. ரொம்ப நல்லவங்கன்னு சொல்றாங்க. இவ என்ன சொல்றா தெரியுமா? 'அவர் செஞ்சது தப்புன்னு அவங்க ஆளுங்களே ஒரு காகிதத்துல எழுதித் தரட்டும். அப்புறம் வர்றேன்'ங்கிறா. அவரை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லல. ஒரு காகிதம்தான் கேக்குறா."

ஒரு காகிதம். இந்த ஆபீசில் காகிதத்துக்கா பஞ்சம்?

ஏப்ரல் 8, செவ்வாய்

செய்துவிட்டேன்.

பதிவேட்டில் 'நிலை' என்ற கட்டத்தில் இரண்டே தேர்வுகள்: நடப்பு, விலகியவர். மூன்றாவதாக 'காலமானவர்' சேர்த்தேன். நாலு வரி நிரல். 231 பேரை அங்கே மாற்றினேன். மொத்தம் 3,895. கோரம் 390 என்று தானாகவே வந்து நின்றது.

பொதுக்குழுவுக்கான பட்டியலை மேடம் முன்னால் வைத்தேன். டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எண்ணைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

ஒரு கல்லூரி அரங்கம். நெகிழி நாற்காலிகள், ஒரு ஒலிவாங்கி, அது இடையிடையே ஊளையிட்டது. நான் உறுப்பினர் இல்லை. பேச முடியாது, கை தூக்க முடியாது. வாசலில் உட்கார்ந்து வருகையைப் பதிந்தேன்.

11.40க்கு 390 தொட்டது. கடைசியில் 398.

சங்கத் தலைவர் கோரம் இருக்கிறது என்று அறிவித்தபோது, அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை. திருத்தம் வாசிக்கப்பட்டது: குழுவில் யாராவது ஒதுங்கினால் மாற்று ஆள் போடலாம், அதில் ஒருவர் உளவியலாளராக இல்லாதவராகவும் இருக்கலாம். அரை மணி நேரம் சச்சரவு. "வெளியாள் வந்து நம்மை விசாரிக்கிறதா?" என்று ஒருவர் எகிறினார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "நாம தினம் வெளியாளைத்தானே சார் விசாரிக்கிறோம்?" என்றார். கைதட்டல்.

ஆதரவு 301. எதிர்ப்பு 71. மீதி 26 பேர் கையைத் தூக்கவேயில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு 266 போதும்.

மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் வந்து அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். இதுவரை அவர்தான் கூப்பிட்டிருக்கிறார், முதல் தடவை நான். "ஆயிடுச்சும்மா. குழு உட்காரும்." எதிர்முனையில், போனை விட்டுத் தள்ளி, "அடியே, இங்க வா, இங்க வாயேன்" என்று கேட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஷரத்துவின் கடிதம், நாலு பக்கம். விதி ஏழின்படி 231 பேரையும் செயற்குழு நீக்கவில்லை, ஆகவே அவர்கள் உறுப்பினர்களே, ஆகவே கோரம் 413, ஆகவே கூட்டமே செல்லாது. வழக்கறிஞரின் கருத்தும் இணைப்பு.

மனுஷன் தப்பா ஒண்ணும் சொல்லல. அதான் எரிச்சலா இருக்கு.

ஏப்ரல் 22, செவ்வாய்

செயற்குழு. நீள மேசை, மேடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி. சங்கத் தலைவர் பட்டியலைத் தூக்கிக் காட்டி, "சான்றளித்தது யாரு?" என்றார்.

மேடம், "நான்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் எழுந்தேன். "மாத்தினது நான். அவங்களுக்குத் தெரியாது. கேட்டா வேண்டாம்னு சொல்லுவாங்கன்னுதான் சொல்லல." பேச அனுமதி இல்லை என்று ஷரத்து விதி எண் சொன்னார். சொல்லி முடித்துவிட்டேன் என்றேன்.

முடிவு: திருத்தம் செல்லாது. மேடத்துக்கு எழுத்துமூலம் கண்டிப்பு. எனக்கு எச்சரிக்கை. 231 பேரை நீக்க ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

படிக்கட்டில் மன்னிப்புக் கேட்டேன். மேடம் ஒரு படி கீழே நின்றார். "இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல முதல் கண்டிப்பு இது. பிரேம் போட்டுச் சுவத்துல மாட்டணும்." சிரிக்கவில்லை. "நீங்க நினைச்சது சரிதான், செஞ்ச விதம் தப்பு. எங்க ஆள் ஒருத்தர் அந்தப் பொண்ணோட ரகசியத்தை அவளைக் கேக்காம வெளியே சொன்னார். நீங்க என் கையெழுத்தை என்னைக் கேக்காம எடுத்துக்கிட்டீங்க."

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

சொல்லவில்லை. மூன்று முறை அந்த அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டு வைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சொல்லிவிட்டேன். 301 பேர் கை தூக்கியது, 231 பேர் கணக்கு, திருத்தம் செல்லாமல் போனது, எல்லாம்.

அம்மா திட்டவில்லை. "திங்கக்கிழமை புது ஆலோசகர்கிட்ட நேரம் வாங்கியிருந்தேன் தம்பி. என்ன சட்டை போடுறதுன்னுகூட எடுத்து வச்சிருந்தா" என்றார். பிறகு போன் கைமாறியது. அந்தப் பெண்ணின் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"ஏண்ணா, செத்தவங்க வரலன்னா கூட்டம் செல்லாதா?"

"ஆமா."

"லூசு சங்கம்."

"ஆமா."

அவளே தொடர்ந்தாள், "அந்த முன்னூத்தி ஒரு பேரும் எனக்காகவா கை தூக்கினாங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி வாய் வரைக்கும் வந்தது. "இல்லம்மா. உன்னைப் பத்தி அவங்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு விதிக்காகத்தான் தூக்கினாங்க."

"தெரியாதா? யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல. சொல்லக்கூடாது."

"ம்."

அந்த 'ம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உளவியல் படித்தவன் இல்லை.

"ஆயிடுச்சுன்னு அன்னிக்குச் சொன்னது என் தப்பு. இனிமே நடந்தது மட்டும்தான் சொல்லுவேன்."

போன் அம்மாவிடம் போகாமலே துண்டிக்கப்பட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய். மாலை 4.15

ராஜினாமாவைத் தட்டெழுதி வைத்திருந்தேன். மேடம் படித்துவிட்டு, "இதைக் கொடுத்துட்டா போன் யாரு எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். அதைக் கிழிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

விதி 22: ஐம்பது உறுப்பினர்கள் காரணம் எழுதிக் கையெழுத்திட்டால், நாற்பத்தைந்து நாளுக்குள் சிறப்புப் பொதுக்குழு கூட்டியே ஆக வேண்டும். செயலாளர் இதைத் தொடங்கக்கூடாது. உறுப்பினர் யாராவது தொடங்கலாம். பின்வரிசையில் பேசிய அந்த அம்மாள் தொடங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். மகள் தட்டெழுதியதாம். காரணம் எழுதும் இடத்தில் போட முடியுமா என்று கேட்டிருக்கிறாள். ஐந்து வரி. பெயர் இல்லை, பள்ளி இல்லை, ஆலோசகர் இல்லை. கடைசி வரி: 'நான் சொன்னதை வேறு யாரோ சொன்னார்கள். இதை மட்டும் நானே சொல்கிறேன்.'

காரணத்தை உறுப்பினர்தான் எழுத வேண்டும் என்று விதி 22 சொல்லவில்லை. மூன்று முறை படித்தேன். பிறகு மேடத்திடம் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான். "அம்மாகிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, பொண்ணுகிட்ட ரெண்டு தடவை கேளுங்க" என்றார்.

இனி செய்ய வேண்டியவை:

1. அந்தப் பெண்ணிடம் இன்று ஒருமுறை, வியாழன் ஒருமுறை கேட்க வேண்டும். இரண்டு முறையும் சரி என்றால்தான் அச்சு.
2. 231 வீடுகளுக்கும் கடிதம். ஒரே மாதிரிக் கடிதம் வேண்டாம். இறந்தவர் பெயர் முதல் வரியில் வர வேண்டும்.
3. வரும் சான்றிதழ்களைச் செயற்குழுவில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஷரத்து முதலில் பார்க்கட்டும்.
4. சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும் கோரத்துக்கு 413 பேர் வேண்டும் என்று வைத்துக்கொண்டே நாற்காலிக்குச் சொல்ல வேண்டும்.
5. வெள்ளிக்கிழமை அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட வேண்டும். கையெழுத்து எத்தனை ஆயிற்று என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு ஆறு.