அம்மாவின் அரிப்பு மனசில் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். பதறாதே, உட்கார்ந்து படி. எட்டு மாதமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது என்று அவள் சொன்னதும், தோல் டாக்டர் அது மனசு சம்பந்தப்பட்டது என்றதும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. நம் தையல் கடையில் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கும்போது மேலே ஒட்டும் துணிப்பஞ்சுதான் கடிக்கிறதோ என்று அவளாக நினைத்து, நூல் துணுக்குகளை ஒரு பட்டன் டப்பாவில் சேர்த்து டாக்டரிடம் நீட்டினாள். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்படி டப்பாவில எடுத்துட்டு வர்றதே அந்த வியாதிக்கு அடையாளம். பொண்ணு தூரம் போன ஏக்கம், கண்டுக்காதீங்க" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அதை நம்பித்தான் உன்னிடமும் இப்போது வராதே, வந்தால் நடிப்பு கூடும் என்றேன். அவள் சொறியாமல் இருக்க நானே காடாத் துணியில் கையுறை தைத்து, படுக்கும்முன் மணிக்கட்டில் நாடா முடிந்தேன். அவள் மறுக்கவில்லையம்மா, தானாகவே கையை நீட்டினாள்.

போன வாரம் ஊசி கோக்கக் கண் தெரியவில்லை என்றாள், கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இமையை இழுத்துப் பார்த்து, "எத்தனை நாளா கண்ணு இப்படி மஞ்சளா இருக்கு?" என்றார். துணிக்கு நூல் நிறம் பொருத்துகிறவன் நான், ஒரே வீட்டில் இருந்தும் பார்க்கவில்லை. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் கலந்துவிட்டதாம், அரிப்பு அதனால்தானாம். முன்பே வந்திருந்தால் மாத்திரையில் கட்டுப்படுத்தியிருக்கலாம், இனி எவ்வளவு மீட்க முடியும் என்று சொல்வதற்கில்லை என்கிறார் புது டாக்டரம்மா. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். வீட்டில் உன் தம்பிதான் சமையல், ஒரு நாள் உப்பு கடல், ஒரு நாள் உப்பையே காணோம். அதைச் சொல்லி அம்மா சிரிக்கிறாள்.

மருந்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று பார்க்க, அரிப்பு எங்கே, எவ்வளவு என்று டாக்டரம்மா தினமும் கேட்கிறார். அம்மா என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, எல்லாம் மனசுதான்" என்கிறாள். காலெல்லாம் நகக்கீறல். "உனக்கு நிஜமாகவே வியாதிடி, வாயைத் திறந்து சொல்லு" என்று அவளிடம் கெஞ்சிப் பார்த்தேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள். எனக்கு வேறு வழி தெரியவில்லையம்மா. நீ கிளம்பி வா.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். வரும்வரை சாயங்காலம் நாலு மணிக்குத் தினமும் அம்மாவுக்கு போன் பண்ணி, எங்கே அரிக்கிறது என்று கேள். உன்னிடம் சொல்லுவாள். அந்த நேரம் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா