காணாமல் போன பதினொரு குதிரைகள்

மார்ச் 3, செவ்வாய்

குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். என் அறைக்கும் அண்ணன் அறைக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். பக்கம் புரட்டினால்கூட அவனுக்குக் கேட்கும். ராத்திரி ராத்திரி நான் இங்கே வருவதைப் பார்த்து, எனக்கு வயிறு சரியில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். கசப்பு மருந்து கொடுக்கிறாள். குடித்துவிடுகிறேன். உண்மையைச் சொல்வதற்கு அது தேவலை.

உண்மை இதுதான். இருபத்திரண்டாம் தேதி காலை அணைக்கட்டுச் சாலையில் அண்ணன் பல் டாக்டர் மகனோடு கார்ப் பந்தயம் ஓட்டப்போகிறான். அண்ணனுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு 151 குதிரைத்திறன். பல் டாக்டர் மகனுடையதற்கு 180. எஞ்சினில் எதை மாற்றினால் குதிரை கூடும் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் பிசிக்ஸில் மூன்று தடவை ஃபெயில். நான் வகுப்பில் முதல் மார்க். இன்று ஒரு தடித்த கேட்லாக்கை என் மேஜைமேல் போட்டான்.

"நீ எதச் சொல்றியோ அதத்தான் போடப்போறேன். அம்மாகிட்ட மூச்சு விட்டே, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன்."

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. அப்பா கப்பலில் சமையல்காரர், வருவதற்கு ஆறு மாதம் ஆகும். யாரிடம் மூச்சு விடுவது?

போன மாதம் அந்தச் சாலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். ஸ்பீடு காட்டும் முள் 140-ஐத் தொட்டது. மூன்றாவது வளைவில் இரும்புத் தடுப்பு வெளிப்பக்கமாக வாய் பிளந்து நிற்கிறது. யாரோ எப்போதோ போன வழி. கீழே தண்ணீர்.  

மார்ச் 4, புதன்

கேட்லாக் முழுவதும் படித்தாகிவிட்டது. எதைப் போட்டால் அந்தக் கார் பறக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ.

மார்ச் 5, வியாழன்

ஒன்று தோன்றியது. 

குதிரையைக் கூட்டுவதுபோல் காட்டிவிட்டுக் குறைக்கிற பாகங்களும் அதே கேட்லாக்கில் இருக்கின்றன. திறந்த ஏர் ஃபில்டரை எஞ்சினை ஒட்டினாற்போல் வைத்தால் சூடான காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, எஞ்சினுக்கு மூச்சுப் போதாது. ஆனால் நன்றாக உறுமும். சைலன்சர் குழாய் அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் புகை சோம்பலாகப் போகும், இழுவை செத்துவிடும். ஆனால் தெருவே அதிரும். பெரிய கனத்த சக்கரங்களைச் சுழற்றுவதிலேயே எஞ்சினுக்குப் பாதி உயிர் போய்விடும். பார்வைக்கு ராஜா.

அண்ணனுக்குச் சத்தம்தான் வேகம். சின்ன வயதில் சைக்கிள் சக்கரக் கம்பியில் சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்றைச் செருகிவிட்டு "இப்ப ஸ்பீடு ஏறிடுச்சு பாரு" என்று சொன்னவன்.

இது துரோகமா? துரோகம்தான். இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

பட்டியலைக் கொடுத்துவிட்டேன். ஒரு கேள்விதான் கேட்டான்.

"டர்போ வேணாமா?"

"பிஸ்டன் உருகிடும்ணா." (எல்லா எஞ்சினிலும் உருகாது. டர்போ காற்றைத் திணித்து நிஜமாகவே குதிரையைக் கூட்டிவிடும்.)

"அப்ப வேணாம்."

இவ்வளவு சுலபமாக விடுவான் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் இரண்டு தலைகளும் கேட்லாக்கின் மேல் கவிழ்ந்திருப்பதை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணா உக்காந்து படிக்குதுங்க, என் கண்ணே பட்டுடும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 8, ஞாயிறு

பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மெக்கானிக் பட்டியலை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"என் தங்கச்சி! ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு" என்றான் அண்ணன், என் தலையைத் தட்டி.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த ஒரு நட்டைப் பார்த்தேன்.

"கேட்டதப் போட்டுக் குடுக்கறது நம்ம வேலை" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மாலையில் கார் எங்கள் தெருவுக்குள் வந்தபோது எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

மார்ச் 12, வியாழன்

நாளைக்குக் காரை அளக்கப் போகிறானாம். உருளைகளின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, எத்தனை குதிரை என்று சீட்டு அடித்துக் கொடுக்கும் மெஷினாம். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாளைக்கு நான் தொலைந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

பள்ளியில் ஆறு பாடவேளையும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால், அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"நூத்து எழுவத்தெட்டு!"

"என்னது?"

"நூத்து எழுவத்தெட்டு குதிரை! நீ சாதாரண ஆள் இல்ல!"

எனக்கு இனிப்பு வாங்கி வந்திருந்தான். 

எப்படி? சூடான காற்று, அகலக் குழாய், கனத்த சக்கரம் – எல்லாம் போட்டும் எப்படி 27 கூடும்? அப்படியென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. குறைக்கிறேன் என்று நினைத்து நானே கூட்டிவிட்டேன். கத்தியை மழுக்கப்போய்த் தீட்டிக் கொடுத்திருக்கிறேன். அவன் அந்தத் தடுப்பு வழியாகப் போனால் – எழுத மாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

நாலு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறையத்தான் வேண்டும். நாலு தடவையும்.

மார்ச் 18, புதன்

பிசிக்ஸ் டெஸ்ட். வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி என்னவாகும்? கூடும் என்று எழுதிவிட்டு வந்தேன். மெஷின் பொய் சொல்லுமா?

மார்ச் 20, வெள்ளி

நூற்றுக்கு முப்பத்தொன்று. டீச்சர் பேப்பரைத் தரும்போது "உனக்கு வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 21, சனி

சொல்லிவிடலாம் என்று அவன் அறை வாசலில் போய் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து கார்ச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான். நகமெல்லாம் கடித்துத் துப்பியிருந்தான். சாப்பிட வரவில்லை. பசியில்லையாம்.

"அண்ணா..."

"என்ன?"

"நாளைக்கு... மெதுவாப் போயேன்."

"ரேஸ்ல எவனாவது மெதுவாப் போவானா, மக்கு? போய்த் தூங்கு."

 நான் ஒரு கோழை. தூங்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அஞ்சரைக்குப் போனான். ஏழேகாலுக்கு, கார் கண்ணுக்குத் தெரியுமுன் அந்தச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

தோற்றுவிட்டான். கொஞ்சநஞ்சமாக இல்லை. இவன் அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பல் டாக்டர் மகன் காரைத் துடைத்து முடித்து பானட்டின் மேல் சாய்ந்திருந்தானாம்.

மாலையில் பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் என்னைக் கைகாட்டினான். "இவ பேச்சக் கேட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் மட்டும் சிரிக்காமல், "ஸ்கூல்ல குதிரைய எண்ணக் கத்துக் குடுக்கலபோல" என்றார். எனக்குக் காது வரைக்கும் சிவந்தது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. 178 குதிரை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு மோசமாகத் தோற்றான்?

வீட்டுக்கு வந்ததும் நாலு முட்டை சாப்பிட்டான்.

மார்ச் 24, செவ்வாய்

குடையைத் தேடிக் காரின் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். அடியில் எட்டாய் மடித்த சீட்டு ஒன்று. மெஷின் அடித்தது. தேதி மார்ச் 13. அளவு: 140 குதிரை.

151-இல் 140 போனால் பதினொன்று. என் கணக்கு சரி. காற்றும் சரி, குழாயும் சரி, சக்கரமும் சரி. டெஸ்டில் வாங்கிய முப்பத்தொன்றுதான் தப்பு.

பின்பக்கத்தில் மெக்கானிக்கின் கையெழுத்து: "பழைய பாகத்தையே திரும்பப் போட்டால் 11ம் வந்துவிடும். அரை நாள் வேலை. சொன்னால் போதும்."

ஒன்பது நாள் இருந்தது. அவன் சொல்லவில்லை.

சீட்டை இருந்தபடியே எட்டாய் மடித்து வைத்துவிட்டேன். மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்குப் போனேன்.

மார்ச் 29, ஞாயிறு

மதியம் அண்ணன் கேட்லாக்கோடு வந்தான். பல் டாக்டர் மகன் அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்கிறானாம். கூட்டத்தில் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லையாம்.

"அடுத்து என்ன போடலாம், சொல்லு."

"என்கிட்டயா கேக்கறே? ஊரே சிரிச்சுதே."

"உன்ன விட்டா நான் யாரக் கேப்பேன்?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு வைக்கலாம்ணா. நாப்பது கிலோ."

"நாப்பதா?"

"அம்பதும் இருக்கு."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். சிரிக்கவே இல்லை. "அம்பது" என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.